முதல் ஞாயிறு, ஐந்து மணி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு சோபா பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். டீப்பாய், டிவி ஸ்டாண்டு, பெண் பள்ளியில் வாங்கிய கோப்பைகள் இருக்கும் குட்டி அலமாரி என்று நகர்த்த முடிந்ததெல்லாம் போகும். பக்கத்து ஃப்ளாட் மராத்திக்கார அம்மாள், எங்களுக்கு காகு, சாப்பிட்ட கையோடு கதவைத் திறந்து வைத்துவிடுவார். அப்புறம் ஹாலைத் துடைத்து, பவானி ஜமக்காளங்களை விரித்து, தம்புராவை உறையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தால் வேலை முடிந்தது. ஐந்து மணிக்குப் பாட்டு.

பம்பாய் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழைய கட்டடம். எங்களுக்கு இரண்டாம் மாடி. என் கணவரின் தாத்தா பாலக்காட்டில் ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டு, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக வந்து சேர்ந்தவர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் குடியேறியவர்களில் பலருடைய கதை இதுதான். நாற்பதுகளில் பகடி என்கிற மொத்தப் பணம் கொடுத்து வாடகைக்கு இந்த வீட்டைப் பிடித்திருக்கிறார். பாட்டிக்கு நன்றாகப் பாட வரும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுத் தனக்காகப் பாடிக்கொண்டிருப்பாராம். மாடிப்படி ஏறுகிறவர்கள் வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். இந்த வீட்டில் பாட்டு ஆரம்பித்த விதம் அவ்வளவுதான். அதை மாதம் ஒரு தடவை, முதல் ஞாயிறு என்று ஒழுங்கு செய்தவர் என் மாமனார்.

நேரம் ஐந்து மணி என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரயில்வேக்காரர்கள் தண்டவாள வேலைக்காக மெகா பிளாக் போடுவார்கள். காலை பதினொன்று வாக்கில் தொடங்கி நாலு மணி சுமாருக்குத்தான் வண்டிகள் ஒழுங்குக்கு வரும். செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வருகிறவர்கள் அதற்குப் பிறகு கிளம்பினால் ஐந்துக்குச் சரியாக இருக்கும்.

நான் பாடுகிறவள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து, 1989இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தேனே தவிர, ராகத்தின் பெயர் சொல்லத் தெரியாது. இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் பாடகருக்குப் பின்னால், தம்புரா மீட்டும் இடம். அங்கேயே உட்கார்ந்து இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் தம்புரா தஞ்சாவூர் இல்லை, மகாராஷ்டிரத்து மிரஜ். தஞ்சாவூர்த் தம்புராவின் குடம் பலா மரத்தில் குடைந்தது. மிரஜில் அது சுரைக்காய். பண்டரிபுரம் பக்கம் விளையும் பெரிய சுரையைக் காயவைத்து, மேலே பலகை பொருத்தி, கழுத்தை இணைப்பார்கள். ஆயுதங்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த சிகல்கர் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். அவர்கள் வம்சத்தார்தான் இன்றும் அங்கே சிதாரும் தம்புராவும் செய்கிறார்கள். 2024இல் அந்த ஊர் சிதாருக்கும் தம்புராவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

மாமனார் எழுபதுகளில் மிரஜுக்கே போய் இதை வாங்கி, மகாலட்சுமி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க மடியில் சாய்த்தபடி கொண்டு வந்தார். "நம்ம குழந்தையைக்கூட அவர் அப்படித் தூக்கினதில்லை" என்று மாமியார் இன்றைக்கும் சொல்வார். தம்புரா பட்டறைக்குப் போகும் முன் மாமனார் முதலில் போனது அந்த ஊர் தர்காவுக்கு. ஹிந்துஸ்தானியில் கிரானா கரானாவின் (கரானா என்றால் பாடும் பாணி, பரம்பரை) உஸ்தாத் அப்துல் கரீம் கானின் சமாதி அங்கேதான் இருக்கிறது. மிரஜில் வாழ்ந்தவர், மைசூருக்கும் மதராஸுக்கும் வந்து பாடியவர், தியாகராஜர் கீர்த்தனையைக் கற்று இசைத்தட்டிலும் பாடியவர். 1937இல் மதராஸிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே காலமானார். நம் ஊரில் உயிர் விட்ட மனிதருக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டுத்தான் தம்புரா வாங்க வேண்டும் என்று மாமனாருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணத்துக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விஷயம் ஜீவா வைப்பது. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு இழை நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். இடம் தப்பினால் தந்தி மொட்டையாக ஒலித்து நின்றுவிடும். சரியான இடத்துக்கு வந்ததும் ஒலி திறந்துகொள்ளும், ஹால் முழுக்க ரீங்காரம் நிரம்பும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலு தந்தி. கடைசித் தந்தியான மந்தர ஸட்ஜத்தை மீட்டிவிட்டு அவசரப்படாமல் இருந்தால், அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் என்கிற 'க' ஸ்வரம் எழும்பும். அந்த ஸ்வரத்துக்கென்று தந்தி எதுவும் கிடையாது, தானாகவே வருகிறது. எனக்கு அது காதில் விழ மாதக்கணக்கில் ஆயிற்று. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது சும்மா மீட்டிக்கொண்டிருந்தேன், தெளிவாக விழுந்தது. அடுக்களைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். மாமியார் கரண்டியும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். "கேட்டுடுத்தோல்லியோ? இனிமே யார் பாடினாலும் நீயும் கூடப் பாடற மாதிரிதான்" என்றார்.

அது நிஜம். காந்தாரம் காதில் விழ ஆரம்பித்த பிறகு, பாடுகிறவர் எங்கே வந்து சேர வேண்டும் என்பது நமக்கும் தெரிந்துவிடுகிறது. சங்கராபரணமோ கல்யாணியோ பாடும்போது அவர் காந்தாரம் தம்புராவின் காந்தாரத்தோடு ஒட்டிக்கொண்டால் உடம்பு சிலிர்க்கும். மைக் வைத்த பெரிய அரங்கில் இது எனக்குக் கிடைத்ததே இல்லை. அங்கே பாடகர் பக்கத்தில் பெரும்பாலும் மின்சார சுருதிப் பெட்டிதான் இருக்கிறது. தம்புரா இருந்தாலும் அது பார்வைக்கு இருக்கிறதே தவிர, பத்தாவது வரிசை வரை அதன் ஒலி வந்து சேர்வதில்லை.

எங்கள் தம்புரா பெண் குரலுக்கானது. நாலரைக் கட்டை சுருதி முதல் ஐந்தரைக் கட்டை வரை நன்றாகப் பேசும். ஆண்கள் ஒரு கட்டையிலோ ஒன்றரையிலோ பாடும்போது முதல் மாடி மாமா வீட்டுப் பெரிய தம்புரா மேலே ஏறி வரும். அதைத் தூக்கி வருவது பையன்களின் வேலை. சின்னக் குழந்தைகளின் வேலை ரவைக் கிண்ணம். மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்பினால்தான் அந்த கும்காரம் வரும். யார் கிண்ணத்தைப் பிடிப்பது என்று இங்கே நடந்த சண்டைகளில் கலந்துகொண்ட இரண்டு பேர் இப்போது வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறார்கள். ஃபோன் செய்தால் ரவைக் கிண்ணத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

பம்பாய் மழை மிருதங்கத்துக்கு ஆகாது. ஜூலையில் வலது பக்க வலந்தலைத் தோல் ஈரம் குடித்து சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். மிருதங்கக்காரர் பாட்டுக்குப் பாட்டு கல்லை எடுத்து விளிம்பு மூட்டைத் தட்டி ஏற்றுவார். மே மாதத்தில் வேறு கஷ்டம், புழுக்கம். தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் தம்புரா ஒலி அலை அலையாக வெட்டுப்படும். அதனால் ஆலாபனையின்போது ஃபேன் கிடையாது, தனி ஆவர்த்தனத்தில் உண்டு என்பது மாமனார் போட்ட சட்டம். தனி ஆரம்பிக்கும் நேரம் முதல் வரிசையிலிருந்து ஒரு கை ஸ்விட்சைத் தேடிப் போவதை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கலாம்.

நான் வந்த மறு வருஷம், 1990இல், ஷண்முகானந்தா ஹாலில் தீப்பிடித்தது. எங்களுக்கு அது அடுத்த தெரு மாதிரி. 1952இல் தொடங்கிய சபா, 1963இல் திறந்த அரங்கம், கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் உட்காரலாம். பம்பாய்த் தமிழர்கள் பெருமைப்பட்டுக்கொண்ட இடம். பழையபடி திறக்க 1998 ஆயிற்று. நடுவில் கச்சேரிகள் வேறு வேறு அரங்கங்களில் நடந்தன. ஆனாலும் மாலையானால் கால் அந்தப் பக்கமே போய்ப் பழகியவர்களுக்குப் போக்கிடம் இல்லாமல் ஆகிவிட்டது. அவர்களில் பலர் எங்கள் மாடிப்படி ஏறினார்கள். ஹால் போதாமல் உள்ளறை, அடுக்களை வாசல், வெளியே படிக்கட்டு வரை ஆட்கள் உட்கார்ந்த வருஷங்கள் அவை. ஊரிலிருந்து வேறு வேலையாக வந்த வித்வான்கள்கூட, "ஞாயித்துக்கிழமை இருக்கேளா?" என்று கேட்டுக்கொண்டு வந்து பாடிவிட்டுப் போனார்கள். பணம் கிடையாது. தேங்காய், வெற்றிலை பாக்கு, வேஷ்டியோ புடவையோ, ராத்திரிச் சாப்பாடு. பாட்டி காலத்திலிருந்து அதுதான் வழக்கம். பெயர் பெற்றவர்களும் அதை சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

மாமனார் ஒரு நீளமான கணக்கு நோட்டில் ஒவ்வொரு ஞாயிறையும் எழுதி வைத்திருக்கிறார். பாடியது யார், பக்கவாத்தியம் யார், என்னென்ன ராகம். விமர்சனம் எழுத மாட்டார், ஒரு வரி மட்டும். ஓர் இடத்தில் இப்படி இருக்கிறது: "கன மழை. வயலின் வரவில்லை. தோடி முக்கால் மணி. யாரும் எழுந்திருக்கவில்லை." அவர் கொடுத்த பட்டங்களிலேயே உயர்ந்தது இந்தக் கடைசி வாக்கியம்தான். நோட்டைப் புரட்டினால் ஐந்தாறு இடங்களில்தான் அது வருகிறது.

அதில் ஒன்று எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. சென்னையிலிருந்து பெண் வீட்டுக்கு வந்திருந்த வயதான மாமி ஒருவர். மேடையில் பெரிதாகப் பாடியவர் இல்லை, பாட்டு சொல்லிக்கொடுத்தே காலம் போனவர். வர்ணம் வேண்டாம், மிருதங்கம் வேண்டாம் என்றார். தம்புரா மட்டும் வைத்துக்கொண்டு க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் எழுதிய பதம், மெதுவான காதல் பாட்டு ஒன்று எடுத்தார். தாளம் மிகவும் விளம்பம், ஒரு வரி முடிய அரை நிமிஷம் ஆகும் போலிருந்தது. அந்த வேகத்தில் பாடும்போது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மூச்சு எடுப்பது கேட்கிறது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும் வழியெல்லாம் கேட்கிறது. பல்லவியை நாலு விதமாகப் பாடினார். தலைவி அதே வார்த்தையை முதலில் கோபமாகச் சொல்கிறாள், அப்புறம் கெஞ்சலாக, அப்புறம் தனக்குத்தானே. எனக்குத் தெலுங்கு தெரியாது. பின்னால் உட்கார்ந்து அவர் முதுகையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது.

பதமும், அதைவிடத் துள்ளலான காதல் பாட்டான ஜாவளியும் இந்த மாதிரி இடத்துக்காகவே பிறந்தவை என்று அன்றிலிருந்து நம்புகிறேன். வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சின்னக் கூடம், மிருதங்கம் கிடையாது, கேட்கிறவர்கள் மூச்சுக்கூட மெதுவாக விட வேண்டும். பெரிய வித்வான்களே வந்து தரையில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். 1938இல் அவர் காலமான பிறகு அந்தப் பாடாந்தரம் பேத்திகள் பிருந்தா, முக்தா குரலிலும் பாலசரஸ்வதியின் நாட்டியத்திலும் தொடர்ந்தது. அவ்வளவு மெல்லிய சங்கீதம் ஒரு வீட்டுக் கூடத்தில்தான் பிழைத்திருக்க முடியும். கனம் கிருஷ்ணையர், வைத்தீஸ்வரன்கோயில் சுப்பராமய்யர் இவர்களுடைய தமிழ்ப் பதங்களை எத்தனை மேடைகளில் கேட்கிறோம்? எங்கள் ஹாலில் வருஷத்துக்கு இரண்டு ஞாயிறாவது பதத்துக்கென்றே ஒதுக்கிவிடுகிறோம்.

காகுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோபாவுக்கு இடம் கொடுப்பவராகத்தான் முதலில் வந்தார். மராத்தி வீடு, இளவயதில் ஹிந்துஸ்தானி கற்றவர். ஒரு ஞாயிறு யாரோ ஹம்ஸத்வனியில் கீர்த்தனை பாடி முடித்ததும், "நானும் ஒன்று பாடட்டுமா, இதே ராகம்" என்று மராத்தியில் கேட்டார். அவர் பாடியது பிண்டி பஜார் கரானாவின் அமான் அலி கான் செய்த பந்திஷ், நம் கீர்த்தனை மாதிரி. ஹம்ஸத்வனியை உருவாக்கியவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீட்சிதர். அது கர்நாடக ராகமாகவே இருந்தது. இந்த பம்பாயிலேயே, இங்கிருந்து டாக்ஸியில் போகிற தூரத்திலிருக்கும் பிண்டி பஜாரின் உஸ்தாத் அதை ஹிந்துஸ்தானியில் பிரபலப்படுத்தினார். லதா மங்கேஷ்கருக்கு ஆரம்ப காலத்தில் சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் ராகம் பக்கத்து வீட்டு அம்மாளின் தொண்டையில் வேறு நடையோடு, வேறு அழகோடு வந்ததைக் கேட்டு மாமனார் எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குப் பதிலாக நாங்கள் அவருக்குக் கொடுத்தது அபங்கம், மராத்தி பக்திப் பாட்டு. துகாராம், நாமதேவர் அபங்கங்களை நம் பஜனை மடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறோம். தஞ்சாவூரில் 1676இலிருந்து 1855 வரை மராட்டியர் அரசாண்டார்கள். அவர்களோடு வந்த கீர்த்தனக்காரர்களால் நம் ஹரிகதையும் பஜனையும் நிறையவே மாறின. காகுவுக்கு இது புதுசு. வாரிக்காரர்கள் ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் நடந்துகொண்டே பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர். அதே அபங்கத்தை நாங்கள் உட்கார்ந்து, ராகம் போட்டு இழைத்துப் பாடியதும் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் எங்களுக்கு நடைமெட்டைச் சொல்லிக்கொடுத்தார். ஆஷாட மாதத்து முதல் ஞாயிறு இப்போது அவர் பொறுப்பு. தம்புராவின் சுரைக்காயும் பண்டரிபுரத்துப் பக்கத்துச் சரக்குதான் என்று சொன்னதிலிருந்து ஒவ்வொரு தடவையும் குடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்.

தை மாதம் புஷ்ய பகுள பஞ்சமிக்குப் பஞ்சரத்னம், நவராத்திரியில் நாளுக்கொன்றாகக் கமலாம்பா நவாவரணம். இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு, விவரமாக எழுத அவசியம் இல்லை.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. மும்பைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் சாதாரண மழைக்கே மூழ்கும். அன்று ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, இடுப்பளவுத் தண்ணீரில் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் எல்லா வீடுகளும் கதவைத் திறந்து வைத்தோம். எங்கள் ஹாலுக்கு வந்தவர்களில் ஒரு தம்பி, முப்பது வயதிருக்கும். டோம்பிவிலியில் வீடு, தாதரில் ஒரு அச்சகத்தில் வேலை. தொப்பலாக நனைந்திருந்தார். என் கணவருடைய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தம்புரா இருந்தது.

"இங்க யாரு பாடுவாங்க?" என்று கேட்டார்.

"யார் வேணும்னாலும் பாடலாம். நீங்க பாடுவேளா?" என்றார் மாமியார்.

திருநெல்வேலிப் பக்கம், சிறு வயதில் கோயில் ஓதுவாரிடம் தேவாரம் கற்றவராம். மேலே தொடர வசதிப்படாமல் வேலை தேடி இங்கே வந்துவிட்டார். மாமியார் தந்தியைத் தளர்த்தித் தளர்த்திப் பார்த்தார், அவர் சுருதிக்கு எங்கள் தம்புரா இறங்கவில்லை. முதல் மாடியிலிருந்து மாமாவின் தம்புராவைக் கொண்டு வந்தோம். காந்தார பஞ்சமத்தில் ஒரு பதிகம் பாடினார். நாம் கேதாரகௌளை என்று சொல்வது அந்தப் பண்தான். குரல் கரகரப்பாக இருந்தது, வெகுநாள் பாடாத குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து விழுந்தது. ஹாலில் இருந்தவர்கள் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. வீட்டுக்குப் போன் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்த ஒரு குஜராத்திப் பெண் அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, பதினோரு பாட்டும் முடியும் வரை அசையாமல் கேட்டார்.

அடுத்த முதல் ஞாயிறு அவர் துவைத்து இஸ்திரி போட்ட வேஷ்டியோடு வந்தார். அப்புறம் வராத மாதமே அபூர்வம். அதுவரை எங்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பாலக்காடு, தஞ்சாவூர், கொஞ்சம் மைசூர், ஏறக்குறைய ஒரே மாதிரி வீடுகளைச் சேர்ந்தவர்கள். அவர் வந்த பிறகு கச்சேரிக்கு முன்னால் ஒரு தேவாரம் என்று வழக்கமாயிற்று. அவர் மூலமாக தாராவியிலிருந்து நாதஸ்வரக்காரர் ஒருவர் வந்தார். ஹால் தாங்காது என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசித்தார். ஸ்ரீரங்கத்துக்காரியான எனக்கு அன்று கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"சபா இருக்கு, யூடியூப் இருக்கு, மாசா மாசம் சோபாவை ஏன் தூக்கணும்?" என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். யூடியூப் நானும் கேட்கிறேன், சமைக்கும்போது தினமும். ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஹாலில் இடது பக்கச் சுவரோரம் மில்லில் கணக்கராக இருந்து ரிட்டயரான ஒரு மாமா உட்காருவார். தொடையில் தாளம், கண் மூடியிருக்கும். போன மாதம் ஒரு சின்னப் பெண் பைரவி பாடினாள். ஓர் இடத்தில் ஒரு பிடி பிடித்ததும் அவர் கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். அவள் அதைப் பார்த்தாள். மேலே போகவிருந்தவள் நின்று, அதே பிடிக்குத் திரும்பி வந்து, அதிலேயே ஐந்து நிமிஷம் புதிசு புதிசாகக் கட்டினாள். வயலின்காரர் சிரித்துக்கொண்டே பின்னால் போனார். மாமா கண் திறந்திருக்காவிட்டால் அந்த ஐந்து நிமிஷப் பைரவி எங்கேயும் இருந்திருக்காது. பாடுகிறவளுக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஆறடி தூரம் இருந்தால்தான் இது நடக்கும். சங்கீதம் கற்கிற குழந்தைகளுக்கு நல்ல குரு கிடைத்துவிடுகிறார். இப்படிக் கண் திறக்கிறவர்கள் முன்னால் பாடக் கிடைப்பதில்லை.

இப்போது கட்டடம் இடிபடப் போகிறது. பகடி வீடுகள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன, எங்கள் முறையும் வந்துவிட்டது. சுவரில் ஈரம், கம்பியெல்லாம் வெளியே தெரிகிறது. எண்பத்தேழு வயது மாமியாரால் லிஃப்ட் இல்லாமல் இறங்கி ஏற முடியவில்லை. அதனால் எனக்கு வருத்தம் இருந்தாலும் ஆட்சேபம் இல்லை. பிளானைப் பார்த்து ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போட்டேன். ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் நிரந்தரச் சுவர் வேண்டாம், மடக்குக் கதவு போதும் என்றேன். பதினோரடி உயரக் கூரை இனி கிடைக்காது, ஒன்பதரைதான். தரையும் இந்தப் பழைய மொசைக்காக இருக்காது. ஒலி எப்படி இருக்கும் என்று போன பிறகு பார்த்து, திரைச்சீலை, ஜமக்காளம் என்று ஏதாவது செய்துகொள்ளலாம். வயலின் சார் வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கட்டி முடிக்க மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை நாங்கள் போகும் வாடகை வீட்டு ஹாலில் எட்டு பேர் உட்காரலாம். மாமனார் நோட்டில் விட்டுப்போன மாதமே கிடையாது என்பதால் எல்லோரும் கவலைப்பட்டோம். போன ஞாயிறு பாட்டு முடிந்து இலை எடுக்கும்போது தேவாரத் தம்பிதான் சொன்னார். இப்போது அவருக்கு ஐம்பது வயது, சொந்தமாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார், தம்பி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

"அக்கா, மூணு வருசமும் நம்ம வீட்ல வச்சுக்கலாம்லா. ஹாலு பெருசுதான். சோபா வாங்கவே இல்ல" என்றார்.

மாமியார் உடனே, "தம்புரா ரெண்டும் உங்காத்துலயே இருக்கட்டும். ஜீவா வெக்க உங்க பொண்ணுக்கு நான் சொல்லித் தரேன்" என்று முடிவு செய்துவிட்டார்.

ஆகவே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தகவல்: அடுத்த மாதம் முதல் டோம்பிவிலி. திரும்பி வர நேரமாகும் என்பதால் பாட்டு இனிமேல் மூன்று மணிக்கு. மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வரை பிளாக் இருக்கும், பதினொன்றுக்கு முன்னாலேயே வண்டி ஏறிவிடுங்கள். மதியச் சாப்பாடு அங்கேதான். அவர் மனைவி சொதி வைக்கிறாராம்.